ஏழாவது உபதேசத்துக்கு நேரே

திருப்பதி
10 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கேசியா எழுதுகிறேன். ஸ்தோத்திரம். கிரேஸ் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நீ குத்தலாக ஏதாவது சொல்வாய், நான் பதில் சொல்வேன், இருவரில் ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம். நம்மைப் பெற்ற நைனாவை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து இரண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது. காகிதத்தில் உன்னால் நடுவில் பேச முடியாது.

எனக்கு ஒரே ஒரு காரியம் வேண்டும். சித்தூர் சபைக்கு நீதான் காரியதரிசி. நான் அந்தச் சபையின் அங்கத்தினர் இல்லை, பெயர் நீக்கப்பட்டது என்று லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டேன். நீ வாயே திறக்கவில்லை. இந்த வருஷம் இங்கே, எங்கள் திருப்பதி சபையில், ஊழியம் செய்கிற எல்லாரும் விசுவாச ஃபாரத்தில் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். பழைய சபையின் கடிதம் இல்லாமல் ஃபாரத்தை வாங்க மாட்டார்கள். ஆகஸ்ட் 4 ஞாயிறு கடைசி நாள். கையெழுத்து இல்லையென்றால் ஞாயிறு பள்ளி வகுப்பு எனக்குக் கிடையாது. முப்பத்தொரு பிள்ளைகள். ஆறு வருஷமாக நான் எடுக்கிற வகுப்பு. ஆறு நாளும் லேபில் ரத்தமும் மூத்திரமும் பார்க்கிற எனக்கு, ஞாயிறு என்றால் அந்தப் பிள்ளைகள்தான்.

நாங்கள் ஏதோ மந்திரக் கூட்டம் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதால் ஃபாரத்தில் இருப்பதை எழுதுகிறேன், நீயே பார். முதலாவது, வேதம் முழுவதும் தேவன் அருளியது. இரண்டாவது, பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்னும் ஒரே தேவன். மூன்றாவது மனிதனுடைய பாவம், நான்காவது கிருபையினால் இரட்சிப்பு. இதெல்லாம் நைனா நமக்குச் சொல்லிக் கொடுத்ததுதானே? ஐந்தாவது, அறிவு தெரிந்து மனந்திரும்பிய பிறகு முழுக்கு ஞானஸ்நானம். உனக்கு எரிகிறது இதில்தான். ஆறாவது பரிசுத்தமான ஜீவியம். எட்டாவது தெய்வீக சுகம். லேபில் வேலை செய்கிறவள் இதை நம்பலாமா என்று கேட்காதே, எங்கள் பாஸ்டர் ஸ்டீவன் ஒருவரையும் மாத்திரையை நிறுத்தச் சொன்னதில்லை. ஒன்பதாவது சபை, பத்தாவது இயேசுவின் இரண்டாம் வருகை. இதில் மந்திரம் எங்கே இருக்கிறது?

கடிதத்தை அனுப்பு. தயவுசெய்து.

கேசியா


சித்தூர்
16 ஜூன் 2024

தங்கச்சி கேசியாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். சாப்பிட்டதும் ஃபேக்டரிக்கு ஓட வேண்டும். மாங்காய் சீசன், லீவு கிடையாது. கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை டிராக்டர்கள் நிற்கின்றன. மாம்பழக் கூழின் இனிப்பு அளவை நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் டின்னில் அடைப்பார்கள். ஆக, அங்கே உனக்கு ஒரு ஃபாரம், இங்கே எனக்கு நூறு ஃபாரம்.

உன் பெயரை நான் நீக்கவில்லை. ஏன் என்று கேட்காதே. திருவிருந்துப் பதிவேட்டில் உன் பெயருக்கு நேரே "வெளியூர்" என்று எழுதிக்கொண்டு வருகிறேன். பொய் இல்லையே. திருப்பதி வெளியூர்தானே. கமிட்டியில் இரண்டு தடவை கேட்டார்கள். "வந்துடுவா" என்றேன். அவ்வளவுதான்.

உனக்கு மூன்று மாசம். நைனா உன்னைக் கையில் ஏந்தி நிற்க, பாஸ்டரய்யா உன் தலையில் மூன்று தரம் தண்ணீர் விட்டார். நீ கத்திய கத்தில் ஆர்மோனியம் வாசித்தவரே நிறுத்திவிட்டார். ஆறு வயசுப் பையன் நான், பக்கத்தில் நின்று பார்த்தேன். அது ஞானஸ்நானம் இல்லை, சும்மா தலையை நனைத்தது என்று நீ சொன்னபோது நைனா உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். எனக்கு எரிவது அதனால்தான், ஐந்தாவதாலும் இல்லை, ஐம்பதாவதாலும் இல்லை.

சரி. உன் பட்டியலில் ஆறுக்கு அடுத்து எட்டு வருகிறது. ஏழு எங்கே? ஒரு சொட்டு ரத்தத்தில் அணுக்களை எண்ணுகிறவள் நீ. உனக்கு எண்ணத் தெரியாதா? ஏழு என்ன என்று சொல், பிறகு கடிதத்தைப் பற்றி யோசிக்கிறேன்.

அசரியா


திருப்பதி
22 ஜூன் 2024

அண்ணா,

பேரம் பேசுகிறாய். காரியதரிசி வேலை செய்யச் சொன்னால் போலீஸ் வேலை செய்கிறாய்.

ஏழாவது, பரிசுத்த ஆவியின் அபிஷேகம். அதைப் பெற்றதற்கு அடையாளம் அந்நியபாஷையில் பேசுவது. பெந்தெகொஸ்தே நாளில் மேல்வீட்டு அறையில் காத்திருந்தவர்களுக்கு வந்ததே, அது இன்றைக்கும் வரும், கேட்கிறவர்கள் எல்லாருக்கும் வரும். ஃபாரத்தில் ஒவ்வொன்றுக்கும் நேரே "விசுவாசிக்கிறேன்" என்று ஒரு கட்டம். ஐந்தாவதுக்கும் ஏழாவதுக்கும் மட்டும் இன்னொரு கட்டம் உண்டு. "பெற்ற தேதி." ஐந்தாவதுக்கு நேரே 8 ஏப்ரல் 2018 என்று எழுதிவிட்டேன். ஏழாவதுக்கு நேரே எழுத என்னிடம் தேதி இல்லை.

போதுமா? சந்தோஷமா?

ஒவ்வொரு மாசமும் இரண்டாம் சனிக்கிழமை அந்த அபிஷேகத்துக்காகக் காத்திருப்புக் கூட்டம் நடக்கும். காலை பத்து முதல் மாலை நான்கு வரை, சாப்பாடு கிடையாது. ஆறு வருஷத்தில் அறுபது கூட்டத்துக்கு மேல் போயிருக்கிறேன். லேபில் டூட்டி மாற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இரட்டை ஷிப்ட் பார்த்துப் போயிருக்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் வருகிறது. முதல் தடவையாக வந்த காலேஜ் பெண்ணுக்கு அரைமணி நேரத்தில் வந்தது. ஏர்பேட்டிலிருந்து வருகிற பெரியவர் ஒருவர், கையெழுத்துப் போடவும் தெரியாதவர், கைகளைத் தூக்கினார், வந்துவிட்டது. நான் தொண்டை காய்ந்து, முட்டி மரத்து, நாலு மணிக்கு எழுந்து பாயைச் சுருட்டிவிட்டு வருவேன். "அடுத்த மாசம் நிச்சயம்மா" என்று முதுகில் தட்டுவார்கள்.

போன மாசம் ஜெபக்குழுத் தலைவி சுந்தரி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நாக்க லூசா வுடு கேசியா. அல்லேலூயா அல்லேலூயான்னு வேகமா சொல்லிக்கினே இரு. யோசிக்காத. தானா மாறிக்கும்" என்றார். சொன்னேன். கால்மணி நேரம் சொன்னேன். அல்லேலூயாவாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அக்கா நல்லவர்தான், ஆனால் அன்றைக்கு அவரை அறையலாம் போல் இருந்தது.

ஏழு எங்கே என்று கேட்டாய் அல்லவா? இதுதான். கடிதத்தை அனுப்பு.

கேசியா


சித்தூர்
29 ஜூன் 2024

கேசியா,

கடிதம் இதோடு இருக்கிறது. லெட்டர்பேடு, சீல், கையெழுத்து எல்லாம் சரி. பதிவேட்டில் உன் பெயர்மேல் கோடு போட்டாயிற்று. ஸ்கேல் வைத்துப் போட்டேன்.

ஏழாவதைப் பற்றி என் அபிப்பிராயத்தை நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வராததற்கு ஸ்தோத்திரம் சொல். அது என்ன பெரிய வரமா? சத்தம். ஒருவருக்கும் புரியாத சத்தம். அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் சபையில் பேசாதே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார், உங்கள் பாஸ்டர் அந்தப் பக்கத்தைப் பசை போட்டு ஒட்டிவிட்டாரோ என்னவோ. எல்லாருக்கும் எல்லா வரமும் கிடையாது என்றும் அதே நிருபத்தில் இருக்கிறது. வாய் திறந்து உளறினால்தான் ஆவியானவர் வந்தார் என்று யார் சொன்னது? ஃபேக்டரியில் பாய்லர்கூட நாள் பூரா உளறுகிறது.

உன்னைப்போல ஒருத்தி வருஷக்கணக்கில் சாப்பிடாமல் முட்டிபோட்டும், முந்தாநாள் வந்த காலேஜ் பெண் உன்னைவிட மேல் என்று ஒரு கட்டம் சொல்கிறதென்றால், கோளாறு உன்னிடமா கட்டத்திலா? வந்துவிடு. இங்கே ஞாயிறு பள்ளிக்கு ஆள் இல்லை. கிரேஸ்தான் இழுத்துக்கொண்டு போகிறாள், அவளுக்குப் பொறுமையே கிடையாது, போன வாரம் இரண்டு பிள்ளைகளைக் கிள்ளிவிட்டாள். இங்கே உன்னை ஒருவரும் தேதி கேட்க மாட்டார்கள்.

அசரியா


திருப்பதி
5 ஜூலை 2024

அண்ணா,

கடிதம் கிடைத்தது. நன்றி. ஸ்கேல் வைத்துப் போட்டதற்கும் நன்றி.

மற்றதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். தெரியாததைப் பற்றி உனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? சத்தம், உளறல், பாய்லர். நம்பாதவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். உன்னை அது என்ன செய்தது?

இங்கே நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கிறது. ஜெர்ரியிடம் சொன்னேன். அவர் சபையில் வாசிக்கிற கீபோர்டைத் துடைத்துக்கொண்டே, "சும்மா நாலு வார்த்த சொல்லிடேன். யாரு டெஸ்ட் பண்ணப் போறாங்க? அப்பறமா நெஜமா வந்துக்கும்" என்றார். பதினோரு வருஷமாக என்னோடு வாழ்கிற மனுஷன் இதைச் சொல்கிறார். அந்நியபாஷையில் அவருக்கு எப்போதும் அதே ஏழெட்டுச் சத்தங்கள்தான் வருகின்றன, அதே வரிசையில். இதற்கு முன்னால் நான் அதைக் கவனித்ததில்லை. இப்போது கவனிக்கிறேன். கேட்கத் தைரியமில்லை.

என்னால் முடியாது அண்ணா. ஒரு நாளைக்கு நூற்றிருபது ரிப்போர்ட் எழுதுகிறேன். மெஷின் காட்டாத நம்பரை ஒரு தடவைகூட எழுதினதில்லை. டாக்டர்கள் அவசரப்படுத்துவார்கள், நோயாளியின் சொந்தக்காரர்கள் கெஞ்சுவார்கள், எழுத மாட்டேன். கர்த்தருடைய காரியத்தில் எழுதுவேனா?

பாஸ்டர் ஸ்டீவனிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உன் வீட்டில் யாராவது ஆவியானவரை எதிர்த்திருக்கிறார்களா என்று கேட்டார். நான் முட்டாள். ஏர்பேட்டுக் கூட்டத்தைச் சொல்லிவிட்டேன். நைனா விஜயபுரம் பக்கத்தில் உபதேசியாராக இருந்தபோது, நம் சபையிலிருந்து மூன்று குடும்பங்கள் அந்நியபாஷைக் கூட்டத்துக்குப் போய்விட்டதும், உன்னை டெம்போவில் அனுப்பி அவர்களைத் திருப்பிக் கூட்டிவரச் சொன்னாரே, அது. எனக்குப் பதின்மூன்று வயசு, நீ காலேஜில் இருந்தாய். பாஸ்டர் தலையை ஆட்டினார். "அதான் சிஸ்டர் தடை. தகப்பன் கட்டு" என்றார். வருகிற 13ஆம் தேதி சனிக்கிழமை கூட்டத்தில் நான் எல்லார் முன்னாலும் நின்று, ஆவியை எதிர்த்த என் தகப்பனுடைய கட்டு அறுந்துபோகட்டும் என்று வாயால் அறிக்கை பண்ண வேண்டுமாம். பண்ணினால் அன்றைக்கே வரும் என்கிறார்.

எனக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கிறது. நைனா கல்லறையில் இருக்கிறார், அவருக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லலாமா? உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்? நீ கத்தினாலும் பரவாயில்லை, சொல்.

கேசியா


சித்தூர்
8 ஜூலை 2024

கேசியா,

ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். நைனா பேரில் எதுவும் சொல்லாதே. ஒரு வார்த்தையும் சொல்லாதே. தடை நம் வீட்டில் இல்லை. எப்படித் தெரியும் என்றால், சொல்கிறேன்.

1998, மே மாசம். டெம்போவில் ஏர்பேட்டுக்குப் போனேன். வயலில் பந்தல் போட்டிருந்தார்கள். நல்ல வெயில், பதினொரு மணி இருக்கும். நான் பந்தலின் கடைசியில் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று, அந்த மூன்றில் ஒன்றான நம் செங்கம்மா அத்தை குடும்பம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். முன்னால் எல்லாரும் சத்தம்போட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கும்போது தாடை நடுங்கியது. வெயில் தலைக்கு ஏறிவிட்டது, மயக்கம் வருகிறது என்று நினைத்து டிரம்மைப் பிடித்துக்கொண்டேன். வாய் திறந்தது. பேசினேன்.

என்ன பேசினேன் என்று தெரியாது. தமிழ் இல்லை, தெலுங்கு இல்லை, காலேஜில் படித்த இங்கிலீஷும் இல்லை. நினைத்தால் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனசு வரவில்லை. டெம்போ டிரைவர் வந்து தோளைத் தட்டும் வரை பேசினேன், முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது என்றான். எனக்கு ஐந்து நிமிஷம்போல இருந்தது. சந்தோஷமாக இருந்தது கேசியா. இருபத்தாறு வருஷமாக நான் ஒருவரிடமும் சொல்லாதது அதுதான். பயமாக இருந்தது என்றால் கிரேஸிடமாவது சொல்லியிருப்பேன். சந்தோஷமாக இருந்தது.

செங்கம்மா அத்தை பார்த்துவிட்டார். அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். சாகும்வரை அவர் வெளியே சொல்லவில்லை. மூன்று குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நைனா வாசலில் நின்றார்.

"ஜனங்கள இட்டுக்கினு வந்தியா?"

"வந்துட்டேன் நைனா."

"ஏன் மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

பொய் சொல்ல வரவில்லை. "எனக்கும் வந்துச்சு நைனா" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். "சரி. கை கழுவிக்கினு வந்து துன்னு" என்றார். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு அப்புறம் அந்த மாதிரிக் கூட்டங்களிலிருந்து ஒருவரையும் திருப்பிக் கூட்டிவர அவர் ஆள் அனுப்பவில்லை. உன்னையும் தடுக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அவரா ஆவியை எதிர்த்தவர்?

அதன்பிறகும் வந்திருக்கிறது. பாய்லர் ரூமில் வரும், அங்கே யார் காதிலும் விழாது. நைனாவின் அடக்கத்தில் குழியோரம் நின்றபோது வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நீயும் நினைத்தாய், வந்து தோளில் சாய்ந்தாய்.

நான் கேட்கவில்லை. ஒரு நாளும் கேட்டதில்லை. உனக்கு ஏன் வரவில்லை, எனக்கு ஏன் வந்தது என்று தெரியவில்லை. அது தெரியாததால்தான் கேலி செய்துகொண்டு திரிகிறேன்.

அசரியா


திருப்பதி
13 ஜூலை 2024

அண்ணா,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. இன்று கூட்டத்தில் நைனா பேரில் நான் எதுவும் சொல்லவில்லை. முடியாது என்றேன், காரணம் சொல்லவில்லை. பாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது.

அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை.

பசியோடு உட்கார்ந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் அது உன்னிடம் இருந்தது. நான் அழுதுகொண்டு பாயைச் சுருட்டியபோது இருந்தது. எனக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்தால் போதும் என்று எதற்காகக் கெஞ்சினேனோ, அதை நீ கைக்குட்டையால் பொத்தி அடைத்துவிட்டு, வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். உளறல் என்றாய். பாய்லர் என்றாய். வராததற்கு ஸ்தோத்திரம் சொல் என்றாய். எப்படி அண்ணா உனக்குக் கை வந்தது அதை எழுத?

உன்மேல் கோபம். அதைவிட, சொல்லக் கூடாது, கர்த்தர்மேல் கோபம்.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே. வராதே.

கேசியா


சித்தூர்
22 ஜூலை 2024

கேசியா,

எழுதாதே என்றாய், வராதே என்றாய். இரண்டையும் செய்துவிட்டேன். நேற்று நீ என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நியாயம்தான். பின்கட்டு ஷெட்டில் நீ வகுப்பு எடுத்துக்கொண்டிருந்ததால், பாஸ்டர் அறையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதைமட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

சூப்பர்வைசரிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் வந்தேன். சண்டை போடத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போதே பேச வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். "பாஸ்டர், எனக்கு வந்துச்சு. நான் கேக்கவே இல்ல. கிண்டல் பண்ணிக்கினு நின்னவன் நானு. என் தங்கச்சி ஆறு வருஷமா துன்னாம கொள்ளாம கேட்டுக்கினு கீறா, அவளுக்கு வரல. உங்க ஏழாவது இதுக்கு இன்னா சொல்லுது?" என்று கேட்டேன். மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன். கேள்வியின் கடைசிப் பாதி அவர் காதில் ஏறவே இல்லை. எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு, நடிப்பு இல்லை. "பிரதர், எத்தன வருஷம் மறைச்சி வெச்சீங்க! ரண்டி, ஸ்டேஜுக்கு ரண்டி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மைக்கில் அவர் சொன்னதை நீயே கேட்டாய். சித்தூர் பழைய சபைக் காரியதரிசிக்கே அபிஷேகம். ஜனங்கள் கைதட்டினார்கள். உன் ஜெர்ரி கீபோர்டில் ஒரு தட்டுத் தட்டினார். நான் மாலை போட்ட ஆடு மாதிரி நின்றேன். நீ ஷெட் வாசலில் பிள்ளைகளோடு நின்று பார்த்தாய். நாற்பத்தைந்து வயசில் ஓடி ஒளிய இடம் தேடினேன்.

பிறகு உன்னைக் கூப்பிட்டு அவர் சொன்னது. "ஒரே வயித்துல பொறந்த அண்ணனுக்கு வந்திருக்குது சிஸ்டர். அப்ப தடை வீட்ல இல்ல. உள்ளாற இன்னாவோ மறைச்சி வெச்சிக்கினு இருக்கீங்க. யோசன பண்ணுங்க." நான் பக்கத்திலேயே நின்றேன். என் வாய்க்கு ஒரு பாஷையும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

நைனாவைக் காப்பாற்ற உனக்கு எழுதினேன். உன்னைக் காப்பாற்ற வந்தேன். இரண்டும் சேர்ந்து பழி முழுவதும் உன் தலையில் வந்து விழுந்துவிட்டது. அப்படி ஒரு உதவி. ஃபேக்டரியில் இப்படி ஒரு வேலை செய்திருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

நீ எதையும் மறைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மறைத்தவன் நான்.

ஆகஸ்ட் 4ஆம் தேதி என்ன செய்யப்போகிறாய்?

அசரியா


திருப்பதி
5 ஆகஸ்ட் 2024

அண்ணா,

நேற்று ஃபாரம் கொடுத்துவிட்டேன். ஒன்று முதல் பத்து வரை எல்லாவற்றுக்கும் நேரே "விசுவாசிக்கிறேன்" என்று டிக் போட்டேன். ஏழாவதுக்கு நேரே தேதி போடுகிற கட்டத்தில் "பெறவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு முந்தின பதினைந்து நாள் நான் பட்ட பாடு உனக்கு வேண்டாம். பாஸ்டர் சொன்னதற்காக, மறைத்த பாவம் ஏதாவது இருக்கிறதா என்று மூன்றாம் கிளாஸில் பென்சில் திருடியது வரை தோண்டிப் பார்த்தேன். ஹாஸ்டல் வார்டனிடம் சொன்ன பொய்க்கு இப்போது மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். அந்த அம்மாவுக்கு என்னை ஞாபகமே இல்லை, "பர்வாலேது", பரவாயில்லை, என்று அனுப்பினார். சனிக்கிழமை ஜெர்ரி கேட்டார், "இன்னா எழுதப் போற?" உண்மையை என்றேன். "என்னோடத கேக்காத" என்றார். நான் கேட்கவில்லை.

பாஸ்டர் ஃபாரத்தைப் படித்துவிட்டு, "விசுவாசத்தால தேதி போட்டுடலாம் சிஸ்டர், பின்னால கர்த்தர் நிறைவேத்துவாரு" என்றார். எனக்கு உதவத்தான் சொன்னார். முடியாது என்றேன். வருத்தத்தோடுதான் வகுப்பை எடுத்துக்கொண்டார். அந்தக் காலேஜ் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். நல்ல பெண்தான். நேற்று முதல் வகுப்பு. பின்கட்டிலிருந்து பிள்ளைகளின் சத்தம் ஆராதனை முழுக்கக் கேட்டது. நான் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எந்தச் சத்தம் எந்தப் பிள்ளையுடையது என்று எனக்குத் தெரிந்தது. பாதிப் பிரசங்கத்தில் எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

இனிமேலாவது சித்தூருக்கு வந்துவிடுவேன் என்று நீ நினைப்பாய். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வரமாட்டேன்.

கட்டத்தில்தான் கோளாறு என்று எழுதினாய். இல்லை. நான் அந்த ஏழாவதை நம்புகிறேன் அண்ணா. நீ நம்பாமலே பெற்றுக்கொண்டாய், நான் பெறாமலே நம்புகிறேன். அது நிஜம் என்று இப்போது முன்னைவிட அதிகமாகத் தெரியும், ஏனென்றால் நீ பொய் சொல்கிறவன் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்து, இவளுக்கு விசுவாசம் போதவில்லை என்கிறார்கள். எனக்குக் கத்த வேண்டும்போல இருக்கிறது. விசுவாசம் இல்லாதிருந்தால் சுந்தரி அக்கா சொன்ன அன்றைக்கே நாக்கைச் சுழற்றி நாலு சத்தம் போட்டுவிட்டு, தேதியையும் போட்டுவிட்டு, என் பிள்ளைகளோடு இருந்திருப்பேனே! அது நிஜம் என்று நம்புகிறதால்தான் பொய்யாகச் செய்ய முடியவில்லை.

சனிக்கிழமை பத்தாம் தேதி காத்திருப்புக் கூட்டம். போகிறேன். என்ன சொல்வார்கள் என்று தெரியும். போகிறேன்.

கேசியா


சித்தூர்
7 ஆகஸ்ட் 2024

கேசியா,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். எனக்கு இது சரியாகப் படவில்லை. உன் பாஸ்டர்மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. உன்மேலும் கோபம். அந்த வகுப்பை விட்டுக்கொடுத்துவிட்டு அதே இடத்துக்கே பட்டினியோடு போகிறேன் என்கிறாய், உன்னை என்ன செய்வது?

சீசன் முடிந்துவிட்டது. லீவு கிடைக்கும். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பயப்படாதே, பாஸ்டரிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். மேடைக்குக் கூப்பிட்டால் போகமாட்டேன். ஆண்கள் பக்கம் ஒரு பாய் வாங்கிப் போட்டுக்கொண்டு நாலு மணி வரை உட்காருகிறேன். நானும் சாப்பிடவில்லை. என் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கேட்கப் போகிறேன். எனக்காக இல்லை.

எனக்கு வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

அசரியா